ஆழம் ஏழு

ஒரு பெண்ணின் குரல் ஓர் ஆளைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கொல்லும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் நம்புவார்கள் என்று சிரிக்க வேண்டாம். பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைக்கிற, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்த் திரும்புகிற ஒரு முழு ஊர், மூன்று ஆண்டு அப்படித்தான் நம்பியது. குரலுக்குச் சொந்தக்காரியே சில காலம் நம்பினாள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

அவள் பெயர் செவந்தி. ஊரைத் தாழம்பட்டினம் என்று வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கிறது. அவள் பிறந்தது அங்கே அல்ல. குளத்தூர்ப் பக்கம், மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன் என்று இருக்கும் ஒரு விவசாயக் குடும்பம். அங்கே ஆழம் என்றால் கிணற்றின் ஆழம். அதை அடிக்கணக்கில் சொல்வார்கள். கடல் எப்படி இருக்கும் என்று அவள் பள்ளிக்கூடப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள்.

பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் சர்டிபிகேட் ஒன்றும் வாங்கிவிட்டு, விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அதே கம்பெனி பஸ்ஸில் மூக்கன் வந்தான். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி கடலே வேண்டாம் என்று கிளம்பி வந்த மீனவப் பையன். "ஏன் எப்பவும் ஜன்னலுக்கு வெளியவே பாக்குறீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாளாம். "காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு பாக்குறேன். பழக்கம் போக மாட்டேங்குது" என்றானாம். சாதி வேறு. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். கல்யாணம் ஆன பிறகு அவனுடைய வீட்டுக் கதவு மட்டும் பாதி திறந்தது. மூக்கன் கம்பெனியை விட்டுவிட்டுப் பைபர் படகுக்குத் திரும்பினான். கரைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மேக்கத்திக்காரி'. மேற்கிலிருந்து, அதாவது மேட்டு நிலத்திலிருந்து வந்தவள். பிறகு அவள் எத்தனை நெத்திலி ஆய்ந்தாலும் அந்தப் பெயர் மாறவில்லை.

ஏலக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். வெளியே ஒரு கம்பத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர். அதற்குத் தகவல் மையம் என்று பெயர். மீனவர்களுக்குக் கடல் செய்தி சொல்வதற்காக ஒரு தொண்டு நிறுவனம் வைத்தது. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். ஊரில் படித்த பெண்கள் எல்லாம் வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். செவந்தி உட்கார்ந்தாள்.

அவள் வாசித்த செய்தி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் நடந்ததைப் புரிந்துகொள்ள அது அவசியம். செயற்கைக்கோளுக்கு மீன் தெரியாது. அதற்குத் தெரிவது கடலின் மேல்தண்ணீரின் வெப்பமும் நிறமும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகினால் நிறம் பச்சையாகும். அந்தப் பாசியைத் தின்ன சிற்றுயிர் வரும். அதைத் தின்னச் சிறு மீன் வரும். சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். குளிர்ந்த தண்ணீரும் சூடான தண்ணீரும் சந்திக்கிற விளிம்பில் இந்தக் கூட்டம் அதிகம் சேரும். இதையெல்லாம் கணக்கிட்டு, இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில், இத்தனை மீட்டர் ஆழத்தில் வலை போட்டுப் பாருங்கள் என்று விஞ்ஞானிகள் செய்தி அனுப்புகிறார்கள். மனிதன் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. சாமியாடியிடம் குறி கேட்டுக் கடலுக்குப் போன காலம் போய், வானத்திலிருந்து தண்ணீரின் நிறம் பார்த்துப் போகிற காலம் வந்தது.

ஆனால் அந்தச் செய்தி நேராகத் தாழம்பட்டினத்துக்கு வருவதில்லை. இடையில் அந்தத் தொண்டு நிறுவனம் அதைச் சுருக்கி அனுப்பும். நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று யாரோ ஓர் அதிகாரி முடிவு செய்திருந்தார். அப்படிச் சுருங்கி வந்த செய்தியில் ஒருநாள் இப்படி இருந்தது: "தென்கிழக்கு. ஆழம் ஏழு. மீன் கிடைக்க வாய்ப்பு."

செவந்தி அதை வழக்கம்போல் நிறுத்தி நிதானமாக மூன்று முறை வாசித்தாள். ஸ்பீக்கருக்குக் கீழே நின்றுகொண்டிருந்த மூக்கன் கூட்டாளிகளிடம் கேலி பேசிக்கொண்டிருந்தான்.

"வீட்டுல இவ பேச்சக் கேட்டா, பொண்டாட்டி சொன்னத கேக்குறான்னு சிரிப்பீங்க. மைக்குல சொன்னா கவர்மெண்டு சொன்ன மாதிரி. இன்னைக்குப் பொண்டாட்டி சொன்ன எடத்துக்குத்தான் போறேன்டா, என்னத்தையும் சொல்லிக்கிருங்க."

படகில் அவனோடு போனவர் செபமாலை. பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர், அவனைவிட மூத்தவர், தொழிலில் கூட்டாளி. இருவரில் செபமாலை மட்டும் திரும்பி வந்தார். தொலைவில், இரு நாட்டுக்கும் இடையிலான எல்லைக்குப் பக்கத்தில், திடீரென்று எழுந்த காற்றில் படகு கவிழ்ந்தது. காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்த அவரை வேறு ஊர்ப் படகு தூக்கியது. மூக்கன் கிடைக்கவே இல்லை.

செபமாலை காய்ச்சலில் கிடந்தபடி சொன்னதுதான் இந்தப் பேய்க்கதையின் முதல் வார்த்தை.

"ஏழைத் தேடிப் போனோம். நான் ஆழம் பாக்குற குண்டுக் கயித்த விட்டுக்கிட்டே வாரேன். நாலு. போடா போடாங்குறான் மூக்கன். அஞ்சு. இன்னும் போறோம். அஞ்சரை. தரை அங்கிட்டு அங்கிட்டுன்னு வெலகிப் போவுது. திரும்பிருவோம்டான்னேன். என் பொண்டாட்டி ஏழுன்னுல்ல சொன்னா, ஏழுன்னா ஏழுதான்னான். அந்தப் பிள்ள குரலு காதுக்குள்ளயே கெடக்கு. ஏழு, ஏழுன்னு. கூப்புடுற மாதிரியே."

காய்ச்சல்காரர் பேச்சு. அதை ஊர் தூக்கிக்கொண்டது. சாதி மாறி வந்தவள், மேக்கத்திக்காரி, கடலுக்குப் பொருந்தாதவள், புருஷனை மைக் போட்டுக் கூப்பிட்டு அனுப்பிவிட்டாள். அவள் குரலில் ஏதோ இருக்கிறது. இதை முதலில் சொன்னது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சொல்லாதவர் யார் என்று கேட்டாலும் தெரியவில்லை.

ஊர்க்கமிட்டித் தலைவர் ஆத்மநாதன் மைக்கைப் பூட்டினார். குழாய் ஸ்பீக்கரின் வாயில் கறுப்புத் துணியைக் கட்டி, கம்பத்தில் எலுமிச்சம்பழம் கோத்துத் தொங்கவிட்டார்கள். செயற்கைக்கோள் செய்தி சொல்ல வைத்த கருவிக்குத் திருஷ்டி கழித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வாடைக்காற்றில் கம்பம் ஆடும்போது ஸ்பீக்கருக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மைக்கைப் பூட்டினார்களே தவிர, ஒலிபெருக்கிப் பெட்டியின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. தளர்ந்துபோன வயர் தொட்டுத் தொட்டு விலகுகிற சத்தம் அது. ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மூக்கன் பேசுகிறான் என்றார்கள். காற்றுப் பலமாக அடிக்கிற நாளில் படகுகள் கிளம்பத் தயங்கின. காற்றுக்குப் பயந்து அல்ல, அந்தச் சத்தத்துக்குப் பயந்து.

மூக்கனின் அம்மா இருளாயி தினமும் காலையில் அந்தக் கம்பத்தடிக்கு வந்து உட்காருவாள். ஒரு கிண்ணத்தில் நீராகாரம் கொண்டுவந்து வைப்பாள். சத்தம் வந்தால் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பதில் சொல்வாள். "ம்… சரிப்பா… அங்க குளிருதா?" போகிற வருகிற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

மையத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை செவந்திக்கு மிஞ்சியது. பேசுவதற்கு அனுமதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவளே குறைத்துக்கொண்டாள். கடையில் பொருளை விரலால் காட்டி வாங்கினாள். மகள் ஹரிணி பாடம் படிக்கும்போது ஏழாம் வாய்ப்பாடு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். மீனை எண்ணிக் கூடையில் போடும்போது ஆறுக்குப் பிறகு எட்டு என்பாள். வாங்குகிறவளுக்கு ஒரு மீன் குறையும், சண்டை வரும், வாயைத் திறக்காமல் இன்னொரு மீனை எடுத்துப் போடுவாள். பகலில், நல்ல வெயிலில், தெருவில் நடக்கும்போது தன் குரல் பின்னால் வருவது கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். "நெசமாவே நாந்தான் அனுப்புனேனோ?" என்று ஒருநாள் மகளிடமே கேட்டாள்.

பேய் என்று ஒன்று இல்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஒருத்திக்குள் ஒன்றைக் குடியேற்றிவிட முடியும்.

போன மாசியில் புதுக்கோட்டை டவுனிலிருந்து தேவிப்ரியா வந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடல்புல் படுகைகளை வரைபடமாக்குவது அவள் வேலை. இந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாத கடல். தண்ணீர் தெளிவாக இருக்கும்போது தரையே மேலிருந்து தெரியும். அதனால் படத்தில் ஒரு குழப்பம் உண்டு. மிதக்கிற பாசியும் பச்சை, தரையில் முளைத்த புல்லும் பச்சை. எது எது என்று படகில் போய், தண்ணீரை அள்ளி, தரையைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குச் செபமாலையின் படகை வாடகைக்குப் பிடித்தாள்.

அன்று கடலிலிருந்து திரும்பி, மையத்தின் அறையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செபமாலை டீ குடித்துக்கொண்டிருந்தார். வலைக்காரர் நாகராசு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். தலைவர் ஆத்மநாதனும் இருந்தார். செவந்தி மூலையில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்கண்ணே, இந்தக் கரும்பச்ச எல்லாம் புல்லுதான். ஏழு ஆழம் வரைக்கும் நல்லா வளந்திருக்கு" என்றாள் தேவிப்ரியா.

செபமாலை சிரித்தார். "ஏழுல புல்லா? மேடம், ஏழுல வெளிச்சமே எறங்காது. வெறுஞ் சகதி. நீங்க மேல இருந்து போட்டோ புடிச்சுட்டு எங்களுக்குக் கத சொல்றீங்க."

"காலையில நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? தரையில சுரண்டுனப்ப புல்லு வந்துச்சே? ஓரா மீனு கூட்டமா திரியுதுன்னு நீங்கதான காட்டுனீங்க?"

"அது நாலுல."

"இல்லண்ணே, ஏழு. என் மெசின்ல பாத்தேன்."

"எந்த மெசினு? நாந்தான கயித்த விட்டேன்! நாலு பாகம்."

"என்னண்ணே, பாகமா?"

"பாகம்னா இது மேடம்." செபமாலை இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். "இந்த விரல் நுனியில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும். ஆறடி வச்சுக்கங்க."

நாகராசு சும்மா இருக்காமல், "செபமால அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதலா வரும். அடுத்தவன் பொட்டலத்துல பாக்கு எடுக்க நீட்டி நீட்டிக் கை வளந்துபோச்சு" என்றார்.

தேவிப்ரியாவும் சிரித்தாள். "அட, நான் மீட்டர்ல சொல்றேண்ணே. ஏழு மீட்டர்னா ஒங்களுக்கு நாலு பாகத்துக்கிட்ட வரும். ரெண்டு பேரும் ஒரே எடத்தத்தான் சொல்றோம். செய்தியில வர்ற ஆழமும் மீட்டர்தானே."

பெருக்குகிற சத்தம் நின்றது.

செவந்தி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். அவள் பேசி அவர்கள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால், குரல் முதலில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே… அன்னைக்கு நீங்க எந்த ஏழத் தேடுனீங்க?"

செபமாலை விரித்த கையை மடக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஏழு மீட்டர் ஆழம், போகிற வழியில் பாதித் தூரத்திலேயே இருந்தது. அங்கே புல் இருந்தது, புல்லில் மீன் இருந்தது. செயற்கைக்கோள் சரியாகத்தான் பார்த்திருந்தது. அவர்கள் மீனுக்கு மேலேயே படகை ஓட்டிக்கொண்டு, அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஏழு பாகம் என்பது இந்தக் கடலிலேயே மிக ஆழமான நடுப்பகுதி. அதைத் தேடினால் எல்லைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். கடலில் ஆழம் என்றால் பாகம் என்று மூக்கனுக்கும் செபமாலைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலில் ஆழம் என்றால் என்ன என்று கேட்க வேண்டும் என்பது கிணற்றை அடிக்கணக்கில் அளந்த ஊர்க்காரிக்குத் தோன்றவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், 'மீட்டர்' என்ற ஒரு சொல்லை வெட்டி எறிந்தவர் ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

இதோடு கதை முடிந்து, ஊர் செவந்தியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. செவந்தி போய் நின்றாள்.

"மாமா, அந்த மைக்கத் தெறந்து நீங்களே சொல்லுங்க. செவந்தி அனுப்பலன்னு. ரெண்டே வார்த்த."

ஆத்மநாதன் தாடியைத் தடவினார். "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சேம்மா. இன்னும் எதுக்கு மைக்கு? செத்தவன் பேர எடுத்தா எல்லாருக்கும் சங்கடம்."

"அனுப்புனேன்னு சொன்னப்ப தெருத்தெருவா சொன்னீங்களே மாமா. அப்ப யாருக்கும் சங்கடமா இல்லயா?"

"பாத்தீங்களா, மேக்கத்திக்காரிக்கு வாய் வந்துருச்சு" என்றார் நாகராசு.

"வாய் எப்பவும் இருந்துச்சுண்ணே. நீங்கதான் துணியக் கட்டுனீங்க."

சிலர் சிரித்தார்கள். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர் வேறொன்று சொன்னார். "பாகத்துக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்திய மைக்குல உக்கார வச்சதுதான் தப்பு." பலர் தலையாட்டினார்கள். பேயை இறக்கிவிட்டார்கள், பழியை இறக்கவில்லை. நேற்று வரை அவள் குரலில் இருந்த குற்றம் இன்று அவள் பிறந்த ஊருக்கு மாறியது. தேவிப்ரியா அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். மீட்டர் என்பதே நடைமுறையில் உள்ள அளவு என்றும், பயனாளிகளிடையே போதிய விழிப்புணர்வு இல்லை என்றும் பதில் வந்தது. பயனாளிகள்! கடல் கொண்டுபோன ஒருவனுக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

கடைசியாகச் செவந்தி மாமியாரிடம் போனாள். இருளாயி கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். பாகம் தெரியாத மாமியாரா? கேட்டவுடனே புரிந்துகொண்டாள்.

"அப்ப நீ கூப்புடல."

"இல்ல அத்தே."

"எம்மவன் கணக்குத் தப்பிப் போயிட்டான்."

"ஆமா அத்தே."

மேலே காற்றில் ஸ்பீக்கர் கரகரத்தது. இருளாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இது யாரு?"

"யாருமில்ல அத்தே. வயரு லூசாக் கெடக்கு. ஆள் ஏத்தி முறுக்குனா நின்னுரும். நான் மறுபடி செய்தி வாசிக்கலாம்னு…"

கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ அனுப்பலன்னு ஊரு முன்னால நான் சொல்றேன். அம்மன் கோயில் வாசல்ல நின்னு சொல்றேன். அந்த வயர மட்டும் தொடாத ஆத்தா. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்."

அவளை அந்தப் பழியிலிருந்து விடுவிக்கத் துணிந்த ஒரே மனுஷி கேட்ட விலை இது. பகுத்தறிவு பேசுகிறவர்கள் இந்த இடத்தில் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். வயரை முறுக்கத்தான் வேண்டும், முறுக்கிச் செய்தி சொல்லாவிட்டால் இன்னொரு படகும் கவிழும் என்று. அது சரி. ஆனால் பிணம்கூடக் கிடைக்காத ஒரு தாயிடம் அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதை விட்டுவைத்தோம்?

செவந்தி வயரைத் தொடவில்லை. இப்போது காலையில் படகுகள் கிளம்பும் நேரத்துக்குக் கைபேசியோடு கரைக்கு வருகிறாள். படகு படகாகப் போய் வாயால் சொல்கிறாள். "தென்கிழக்கு. ஏழு. மீட்டருண்ணே, பாகத்துல நாலு. தாண்டிப் போயிராதீங்க." ஏழு என்று சொல்லும்போது இன்னும் குரல் ஒரு கணம் நிற்கிறது. சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜின் கயிற்றை இழுக்கிறார்கள். செபமாலை மட்டும் அவள் சொல்லி முடிக்கும் வரை இன்ஜினைப் போடாமல் காத்திருக்கிறார். அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இருளாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கோயில் வாசலில் நின்று சொன்னாள். பாதிப் பேர் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த நிறுவனத்தின் செய்தி இன்றும் 'ஆழம் ஏழு', 'ஆழம் ஒன்பது' என்று அளவு இல்லாமல்தான் அவள் கைபேசிக்கு வருகிறது.

உங்களில் கரையோரத்தில் இருப்பவர்கள், கரையோரத்தில் உறவு உள்ளவர்கள், நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊருக்கு வரும் கடல் செய்தியை வாங்கிப் படியுங்கள். எண் இருந்து அளவு இல்லை என்றால், அனுப்பியவர்களுக்கு அன்றைக்கே எழுதுங்கள். மீட்டர் என்று போடச் சொல்லுங்கள், பக்கத்திலேயே பாகத்தையும் போடச் சொல்லுங்கள். விழிப்புணர்வு இல்லை என்று பதில் வந்தால் விடாதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் மேலாவது இப்படி ஒரு சாவைச் சுமத்தியிருந்தால், அவள் வீட்டு வாசலுக்குப் போய், நாலு பேர் கேட்கிற மாதிரி சத்தமாக, அது அவள் செய்ததல்ல என்று சொல்லுங்கள்.